முதுமையில் சிறுநீர்த் தொல்லைகள்: மறைப்பதால் வளரும் நோய்

சங்கரன்கோவில் வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் சென்ற ஆண்டு நடைபெற்ற கிராம சபைக் கூட்டத்தில், குளத்து மராமத்தைப் பற்றிய விவாதம் நடந்துகொண்டிருந்தது. எந்த மடை எந்த வயலுக்குப் பாயும், கரை எந்த இடத்தில் இளகியிருக்கிறது என்பவற்றையெல்லாம் அவ்வூரில் நன்கு அறிந்தவர், எழுபது வயதைக் கடந்த விவசாயி ஒருவர். முன்பெல்லாம் முதல் வரிசையில் அமர்ந்து, அதிகாரிகளாகிய எங்களையே திருத்திப் பேசுவார். அன்று அவரைக் காணவில்லை. அதற்கு முந்தைய இரண்டு கூட்டங்களுக்கும் அவர் வரவில்லையென்று பஞ்சாயத்துத் தலைவர் கூறினார்.

கூட்டம் முடிந்ததும் அவர் வீட்டுக்குச் சென்றேன். திண்ணையில் அமர்ந்திருந்தார். காரணம் கேட்டேன். சற்றுத் தயங்கியபின், "அரை மணிக்கு ஒரு தடவை எந்திரிக்க வேண்டியிருக்கு ஐயா. நாலு பேரு முன்னால எப்படி எந்திரிச்சு எந்திரிச்சுப் போக? வயசாச்சுல்லா, இனி இப்படித்தான்" என்றார். வயதின் இயல்புதானே என்று நானும் எண்ணி, ஆறுதலாக இரண்டு வார்த்தை கூறிவிட்டுத் திரும்பினேன். அது தவறு என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

இரண்டு மாதங்கள் கழித்து ஓர் இரவில் அவருக்குச் சிறுநீர் முற்றிலும் நின்றுபோயிற்று. வீட்டார் நெருஞ்சில் கஷாயமும் இளநீரும் மாற்றி மாற்றிக் கொடுத்தனர். விடியும்போது அடிவயிறு குடம்போல் உப்பி, வலி தாங்காமல் அவர் துடித்தார். பிறகுதான் ஆம்புலன்ஸுக்குச் சொல்லி மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். அங்கே குழாய் செலுத்தி ஒரு லிட்டருக்கும் மேற்பட்ட சிறுநீரை வெளியேற்றினர். இரத்தத்தைச் சோதித்தபோது சிறுநீரகங்களும் சற்றுப் பழுதுற்றிருப்பது தெரியவந்தது. "சில மாதங்களுக்கு முன்பே வந்திருந்தால், மாத்திரையளவில் முடிந்திருக்கக்கூடும்" என்றார் டாக்டர்.

நான் மருத்துவன் அல்லன். ஆயினும் டாக்டர்களிடம் கேட்டும் நூல்களைப் படித்தும் அறிந்துகொண்டவற்றைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் விவசாயப் பெருமக்களுக்கும் எடுத்துரைப்பது என் கடமையென்று கருதுகிறேன். முதுமையில் வரும் சிறுநீர்த் தொல்லை வெட்கத்துக்குரிய குற்றமன்று, விதியுமன்று. பெரும்பாலும் குணப்படுத்தவோ கட்டுப்படுத்தவோ கூடிய நோயே அது. அதை மறைப்பதுதான் பேராபத்து.

முதியோர் பெருகிவரும் நாடு

நம் நாடு சுதந்திரம் பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் முப்பத்திரண்டு ஆண்டுகள் அளவிலேயே இருந்தது. இன்று அது எழுபதை எட்டியிருக்கிறது. மத்திய அரசு 2021-ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, தமிழ்நாட்டு மக்களில் 100-க்கு 13.6 பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள். மாநிலங்களுள் கேரளத்துக்கு அடுத்த நிலையில் நாம் இருக்கிறோம். ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர் முதியவர் என்று கொள்ளலாம். இளைஞர்கள் வேலை தேடித் திருப்பூருக்கும் சென்னைக்கும் சென்றுவிட்ட நம் கரிசல் கிராமங்களில் இந்த விகிதம் கண்ணுக்கே தெரிகிறது.

முதியோர் மருத்துவத்தில் தமிழகம் முன்னோடி என்பதும் நினைவில் இருத்தத்தக்கது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-ஆம் ஆண்டிலேயே டாக்டர் வி. எஸ். நடராஜன் முதியோருக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னை கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. வசதிகள் வளர்ந்திருக்கின்றன. ஆனால் நோயாளி வாய் திறந்து கூறினாலன்றி எந்த வசதியும் பயன்படாது.

உடம்பின் குளமும் மடையும்

சிறுநீர் உண்டாகி வெளியேறும் முறை, நம் ஊர்ப் பாசன முறையை ஒத்தது. முதுகின் இருபுறமும் உள்ள சிறுநீரகங்கள் இரண்டும் இரத்தத்தை இடைவிடாது வடிகட்டுகின்றன. நாளொன்றுக்கு அவை வடித்தெடுக்கும் நீர் ஏறத்தாழ 180 லிட்டர். அதில் பெரும்பகுதியை மீண்டும் உடம்புக்கே திருப்பிவிட்டு, கழிவு கலந்த ஒன்று அல்லது இரண்டு லிட்டரை மட்டும் அவை வெளியே அனுப்புகின்றன. இந்நீர் இரண்டு மெல்லிய குழாய்களின் வழியே அடிவயிற்றில் உள்ள சிறுநீர்ப்பையில் வந்து தேங்குகிறது. இதுவே குளம். ஏறத்தாழ 400 முதல் 500 மில்லி லிட்டர் வரை இக்குளம் கொள்ளும். பாதியளவு நிரம்பும்போதே போகவேண்டும் என்ற உணர்ச்சி தோன்றும். அடியில் மடை இருக்கிறது. மடைக்குக் கீழே சிறுநீர் வெளியேறும் வாய்க்கால் இருக்கிறது. உரிய நேரத்தில் மடை திறக்கும். பை சுருங்கி நீரை வெளியேற்றும்.

முதுமையில் ஆண்களுக்கு வரும் தொல்லை பெரும்பாலும் மடை அடைபடுவதால் வருவது. பெண்களுக்கு வரும் தொல்லை பெரும்பாலும் மடை தளர்வதாலும் கிருமி ஏறுவதாலும் வருவது. ஆகவே இவற்றைத் தனித்தனியே ஆராய்வோம்.

ஆண்களுக்கு வரும் அடைப்பு

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குச் சற்றுக் கீழே, வாய்க்காலைச் சுற்றி வளையம்போல் அமைந்திருப்பது புராஸ்டேட் சுரப்பி. வாலிபத்தில் அது ஒரு பெரிய நெல்லிக்காயளவு இருக்கும். எடை ஏறத்தாழ 20 கிராம். நாற்பது வயதுக்குமேல் அது மெல்லப் பெருக்கத் தொடங்குகிறது. ஐம்பதுகளில் உள்ள ஆண்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கும், எண்பதைக் கடந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கும் இந்த வீக்கம் ஓரளவேனும் காணப்படும். ஆண்மைச் சுரப்பு நீரும் வயதுமே இதற்குக் காரணங்கள். இளமையில் செய்த தவறுகளால் வருவதென்று சிலர் எண்ணி மனம் குமைகின்றனர். அது முற்றிலும் பொய்.

மடையைச் சுற்றி ஆலமரத்து வேர் பருத்தால் என்ன நேரும்? நீர் போகும் வழி குறுகும். அவ்வாறே சுரப்பி பெருக்கும்போது கீழ்க்கண்ட அடையாளங்கள் ஒவ்வொன்றாகத் தோன்றும்:

1. சிறுநீர் கழிக்க அமர்ந்தபின் சற்று நேரம் காத்திருக்க நேரிடும்.

2. தாரையின் வேகம் குறைந்து, விட்டுவிட்டுப் போகும்.

3. முடிந்த பின்னும் சொட்டுச் சொட்டாக வடியும்; பை முழுதும் காலியாகாத உணர்ச்சி இருக்கும்.

4. பகலில் அடிக்கடி போகவேண்டியிருக்கும். இரவில் இரண்டு, மூன்று முறை எழ நேரிடும்.

5. அடக்க முடியாத அவசரம் தோன்றும்.

சுரப்பியின் பருமனுக்கும் தொல்லையின் அளவுக்கும் எப்போதும் பொருத்தம் இருப்பதில்லை. சிறிய வீக்கம் பெரிய தொல்லை தருவதும் உண்டு. பெரிய வீக்கம் தொல்லையின்றி இருப்பதும் உண்டு. ஆகவே டாக்டர் பரிசோதித்துத்தான் முடிவு கூற இயலும்.

மறுகால் பாய்வதை நோய் தீர்ந்ததாக எண்ணலாகாது

இங்கே ஒரு முக்கியமான உண்மையைக் கூறவேண்டும். மடை அடைபட்டு, குளமும் நிறைந்துவிட்டால் நீர் மறுகால் வழியே வழிந்தோடும். சிறுநீர்ப்பையிலும் இவ்வாறு நேரிடுவதுண்டு. பை நிரம்பித் ததும்ப, மீறிய நீர் மட்டும் சொட்டுச் சொட்டாக, அறியாமலே வடிந்துகொண்டிருக்கும். "நீர்தான் போய்க்கொண்டிருக்கிறதே" என்று வீட்டார் எண்ணுவர். உண்மையில் உள்ளே பை நிறைந்து கிடக்கிறது. அதன் அழுத்தம் மேல்நோக்கிச் சிறுநீரகங்களைத் தாக்குகிறது. வலியில்லாமலே இது மாதக்கணக்கில் நடக்கும். கால் வீக்கம், பசியின்மை, சோர்வு என்று வரும்போது சிறுநீரகம் பாதி கெட்டிருக்கும். வேட்டியோ படுக்கையோ அடிக்கடி நனையும் முதியவரை வீட்டார் கடிந்துகொள்ளாமல் டாக்டரிடம் அழைத்துச் செல்லவேண்டும் என்பது இதனாலேயே.

திடீரென்று சிறுநீர் அறவே நின்றுபோவது மற்றோர் ஆபத்து. இதை நம் பக்கத்தில் நீர்க்கட்டு, நீரடைப்பு என்பர். மலச்சிக்கல், மது, நெடுநேரம் அடக்கிவைத்தல் ஆகியவை இதைத் தூண்டலாம். சளிக்கும் தும்மலுக்கும் கடையில் வாங்கும் சில மாத்திரைகளும் தூண்டும் என்பது பலர் அறியாதது. ஆகவே புராஸ்டேட் தொல்லை உள்ளவர்கள் எந்த மருந்து வாங்கினாலும் தம் குறையைக் கூறியே வாங்கவேண்டும்.

நீர்க்கட்டு நேர்ந்தால் செய்யவேண்டியது ஒன்றே. அதே மணி நேரத்தில் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். நெருஞ்சிலும் சிறுபீளையும் சிறுநீரைப் பெருக்குவனவாகத் தொன்றுதொட்டுக் கருதப்படுபவை. அவற்றை இகழ வேண்டுவதில்லை. ஆனால் மடை அடைபட்ட குளத்துக்கு மேலும் மேலும் நீர் விடுவது கரையை உடைக்கும் செயலாகும். அந்நேரத்தில் கஷாயமோ இளநீரோ தண்ணீரோ கொடுத்து வழி திறக்கச் செய்ய முயல்வது துன்பத்தை இரட்டிப்பாக்கும். மருத்துவமனையில் மெல்லிய குழாய் செலுத்தியதும் சில நிமிடங்களில் வேதனை தணிந்துவிடும்.

சிகிச்சை உண்டு

பரிசோதனைக்கு அஞ்ச வேண்டுவதில்லை. சிறுநீர்ச் சோதனை, இரத்தத்தில் சர்க்கரை மற்றும் சிறுநீரகச் சோதனை, வயிற்று ஸ்கேன் ஆகியவை முதலில் செய்யப்படும். சிறுநீர் கழித்தபின் பையில் எவ்வளவு தங்குகிறது என்பதை ஸ்கேன் காட்டிவிடும். ஆசனவாய் வழியே விரல் வைத்துச் சுரப்பியைத் தடவிப் பார்ப்பதும் உண்டு. அது ஒரு நிமிட வேலை. அதற்கு வெட்கி ஓடியவர்கள் பின்னால் வருந்தியிருக்கின்றனர்.

தொல்லை குறைவாக இருப்பின் பழக்கவழக்கங்களை மாற்றி, அவ்வப்போது பரிசோதித்துவந்தாலே போதும். சற்று அதிகமாயின் மாத்திரைகள் உண்டு. டாம்சுலோசின் போன்றவை வழியின் தசைகளைத் தளர்த்தி, சில நாட்களில் பலன் தரும். இவை இரத்த அழுத்தத்தைச் சிலருக்குக் குறைப்பதால், படுக்கையிலிருந்து மெதுவாக எழவேண்டும். ஃபினாஸ்டிரைடு போன்றவை சுரப்பியையே சுருக்கும். ஆனால் பலன் தெரிய ஆறு மாதங்கள் வரை ஆகலாம். இரண்டு வாரத்தில் குணமில்லையென்று அவற்றை நிறுத்திவிடுவது அறியாமை. இவற்றாலும் தீராதபோது, சிறுநீர் வழியாகவே கருவியைச் செலுத்தி, உடம்பின் மேல் கத்தி படாமலே அடைப்பை அகற்றும் அறுவை முறை பல்லாண்டுகளாக வழக்கில் உள்ளது.

புராஸ்டேட் வீக்கம் வேறு, புராஸ்டேட் புற்றுநோய் வேறு. வீக்கம் புற்றுநோயாக மாறுவதில்லை. ஆனால் இரண்டும் ஒருவருக்கே வரலாம். புற்றுநோய் தொடக்கத்தில் எந்த அடையாளமும் காட்டாது. முற்றியபின் இடுப்பெலும்பிலும் முதுகெலும்பிலும் வலியாக வெளிப்படுவதுண்டு. பி.எஸ்.ஏ. என்னும் இரத்தச் சோதனை இதைக் கண்டறிய உதவுகிறது. வீக்கத்தாலும் கிருமித் தொற்றாலும் கூட அந்த அளவு உயரலாம்; ஆகையால் தாளில் உள்ள எண்ணைப் பார்த்து யாரும் தாமே அஞ்சிவிடலாகாது. இப்புற்றுநோயை ஆண்மைச் சுரப்பு நீரைக் குறைப்பதால் அடக்கலாம் என்பதை அமெரிக்காவில் சார்லஸ் ஹக்கின்ஸ் என்னும் டாக்டர் 1941-ஆம் ஆண்டில் நிறுவினார். அதற்காக 1966-ஆம் ஆண்டில் நோபல் பரிசும் பெற்றார். அன்றுமுதல் இந்நோய்க்குப் பல சிகிச்சைகள் வந்துள்ளன.

ஆண், பெண் எவராயினும் சிறுநீரில் ஒருமுறை இரத்தம் கண்டாலும், வலியில்லையென்று விட்டுவிடலாகாது. பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்களுக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகுதி. புகை நுரையீரலோடு நின்றுவிடுகிறது என்று எண்ணுவோர் இதை அறியவேண்டும்.

பெண்களின் மௌனம்

ஆண்கள் தயங்கிக் கூறுவதைப் பெண்கள் கூறுவதேயில்லை. நம் வட்டாரத்தில் விடியற்காலம் முன்பே பூப்பறிக்கச் செல்லும் பெண்கள் உண்டு. களையெடுக்கச் செல்வோர் உண்டு. விசைத்தறிக் கூடங்களில் நின்றபடியே பகலைக் கழிப்போர் உண்டு. வேலை செய்யும் இடத்தில் ஒதுங்க இடமில்லை. ஆகவே அவர்கள் கண்டுபிடித்திருக்கும் வழி, தண்ணீர் குடிக்காமல் இருப்பது. காலையில் ஒரு டம்ளர் குடித்துவிட்டு மாலை வரை நா வறள வேலை செய்கின்றனர். இதை என்னிடம் ஒரு மூதாட்டி மிகச் சாதாரணமாகக் கூறினார். முப்பது ஆண்டுப் பழக்கம் என்றார்.

இப்பழக்கத்தின் விலை முதுமையில் தெரியும். பெண்களின் சிறுநீர்க் குழாய் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் நீளமே உடையது. ஆண்களுக்கோ அது ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். ஆகவே மலக்குடலில் வாழும் கிருமிகள் பெண்களின் சிறுநீர்ப்பையை எளிதில் அடைகின்றன. மாதவிடாய் நின்றபின் பெண்மைச் சுரப்பு நீர் குறைவதால் அப்பகுதியின் தோல் மெலிந்து வறண்டு, தடுக்கும் சக்தியை இழக்கிறது. நீரும் குறைவாகக் குடித்து, அடக்கியும் வைத்தால் கிருமி பெருக வேறென்ன வேண்டும்?

எரிச்சல், கடுப்பு, அடிக்கடி சிறிது சிறிதாகப் போதல், கலங்கல், துர்நாற்றம், அடிவயிற்று வலி ஆகியவை அடையாளங்கள். இதைச் சூடு பிடித்துக்கொண்டதாகக் கருதி, காற்பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பு தடவுவது நம் வழக்கம். சுண்ணாம்பால் கிருமி சாகாது. குளிர்காய்ச்சலும் விலாவுக்குப் பின்னே வலியும் சேர்ந்தால் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டதென்று பொருள். உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். மிக முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல், திடீரென்று நினைவு தடுமாறுவதும் பிதற்றுவதும் மட்டுமே அடையாளமாக இருப்பதுண்டு. அதைக் காற்றுச் சேஷ்டை என்று கருதி நாளைப் போக்கலாகாது.

கிருமிக்கு டாக்டர் கொடுக்கும் மருந்தைக் குறித்த நாள்வரை முழுதும் உட்கொள்ளவேண்டும். இரண்டு நாளில் எரிச்சல் நின்றதும் நிறுத்திவிட்டு, அடுத்த முறைக்கு அதே மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்குவது பெருந்தவறு. மருந்துக்கு மசியாத கிருமிகள் அவ்வாறுதான் வளர்கின்றன. கழுவும்போது முன்னிருந்து பின்னாகக் கழுவவேண்டும் என்னும் எளிய விதியைச் சிறுமிகளுக்கே கற்பிக்கவேண்டும்.

இருமினாலும் தும்மினாலும் குடத்தைத் தூக்கினாலும் சிறுநீர் கசிவது மற்றொரு தொல்லை. பல பிரசவங்களாலும் வயதாலும் இடுப்பின் அடித்தளத் தசைகள் தளர்வதே காரணம். இதற்கு மருந்தைவிடப் பயிற்சியே முதலில் கைகொடுக்கும். இப்பயிற்சியின் பயனை அமெரிக்க டாக்டர் ஆர்னால்டு கீகல் 1948-ஆம் ஆண்டில் எழுதி விளக்கினார். செய்முறை எளிது. சிறுநீரை அடக்குவதுபோல் அத்தசைகளை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, மீண்டும் ஐந்து எண்ணும்வரை தளர்த்தவேண்டும். இவ்வாறு பத்துமுறை, நாளில் மூன்று வேளை. மூச்சை அடக்கலாகாது. உட்கார்ந்தும் படுத்தும் செய்யலாம், எவருக்கும் தெரியாது. மூன்று மாதங்கள் விடாமல் செய்தால் பெரும்பாலோர்க்குப் பலன் தெரியும்.

கர்ப்பப்பை இறங்கிவிட்ட தாய்மாரும் சிறுநீர்த் தொல்லையுடன் ஆண்டுக்கணக்கில் அல்லலுறுகின்றனர். மகளிடம்கூடச் சொல்வதில்லை. வளையம் பொருத்தியும் அறுவையாலும் இதைச் சீர்செய்ய இயலும். கிராம சுகாதாரச் செவிலியரிடம் தனிமையில் கூறினாலே வழி பிறக்கும்.

அன்றாடம் கடைப்பிடிக்க வேண்டுவன

"ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்கலாகாது" என்பது நம் முன்னோர் மொழி. சித்த மருத்துவமும் அடக்கலாகாத பதினான்கு வேகங்களுள் ஒன்றாகச் சிறுநீரை எண்ணுகிறது. இம்முதுமொழியோடு கீழ்க்கண்டவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம்:

சாதாரணமாக நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் நீரேனும் குடிக்கவேண்டும். வெயிலில் உழைப்போர்க்கு இன்னும் மிகுதியாக வேண்டும். சிறுநீர் வைக்கோலின் வெளிர் நிறத்தில் இருந்தால் நீர் போதுமென்று அறியலாம். இருதய நோயும் சிறுநீரக நோயும் உள்ளவர்கள் மட்டும் டாக்டர் சொல்லும் அளவைக் கடைப்பிடிக்கவேண்டும்.

இரவில் அடிக்கடி எழுவோர், பகலில் நீரைக் குறைக்காமல், படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பிருந்து மட்டும் குறைக்கலாம். மாலைக்குப்பின் காப்பி, தேநீர் வேண்டாம். கால் வீக்கம் உள்ளவர்கள் பிற்பகலில் சற்று நேரம் காலை உயர்த்திப் படுத்தால், காலில் தேங்கிய நீர் பகலிலேயே வெளியேறும். இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிக்கும் மாத்திரை உண்போர், அதை உண்ணும் வேளையைப்பற்றி டாக்டரிடம் கேட்கவேண்டும்.

அடிக்கடி சிறுநீர் போவது நீரிழிவின் அடையாளமாகவும் இருக்கலாம். ஆகவே சர்க்கரைச் சோதனை முதலில் அவசியம். கீரையும் பழமும் உண்டு மலச்சிக்கலை நீக்கினால் சிறுநீர்த் தொல்லையும் ஓரளவு குறையும்.

இரவில் எழும் முதியவர் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வது, சிறுநீர்த் தொல்லையைவிடப் பெருந்துன்பம். படுக்கையிலிருந்து கழிப்பிடம் வரை ஒரு சிறு விளக்கும், ஈரமில்லாத தரையும், பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் இருந்தால் இதைத் தவிர்க்கலாம். இயலாதவர்க்குக் கட்டிலருகே மூடியுள்ள பாத்திரம் வைப்பதில் இழிவு ஒன்றுமில்லை.

எங்கே செல்வது?

முதற்படி அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம். அடுத்து சங்கரன்கோவில் அரசு மருத்துவமனை, தென்காசி மாவட்டத் தலைமை மருத்துவமனை. தனிப்பட்ட சிறுநீரியல் நிபுணர் தேவைப்படின், 1965-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த மருத்துவமனை நமக்கு ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தூரத்தில் பாளையங்கோட்டையில் இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. அட்டை பெறாதவர்கள் நோய் வருவதற்கு முன்பே பெற்றுக்கொள்வது நலம்.

கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்படி, இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்து வீட்டுக்கே வருகிறது. படுக்கையில் இருப்போருக்கான பராமரிப்பும் அதில் அடங்கும். மருந்து கொண்டுவரும் ஊழியர் பெரும்பாலும் நம் ஊர்ப் பெண்ணே. அவரிடம் சிறுநீர்க் குறையையும் கூறலாம். அவசரத்துக்கு 108, ஆலோசனைக்கு 104 என்னும் தொலைபேசி எண்கள் உண்டு.

பஞ்சாயத்துகளின் கடமை

நோயாளியும் டாக்டரும் மட்டுமே சேர்ந்து தீர்க்கக்கூடியதன்று இப்பிரச்சினை. பஞ்சாயத்து அங்கத்தினர்கள் செய்யக்கூடியவை பல:

1. கிராம சபை கூடும் இடத்தின் அருகே, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பிடம், தண்ணீரோடு, கூட்டத்தன்று திறந்திருக்கவேண்டும். ஆண்டுக்கு ஆறுமுறை கூடும் சபையில் முதியோர் அமர முடியாவிட்டால், அவர்களுடைய அனுபவத்தை ஊர் இழக்கிறது.

2. பேருந்து நிறுத்தம், நியாய விலைக் கடை ஆகிய இடங்களில் முதியோர் நெடுநேரம் காத்திருக்கின்றனர். அங்கும் இவ்வசதி தேவை. பொதுக் கழிப்பிடங்களில் ஒன்றிலேனும் முழங்கால் மடக்க இயலாதவர்க்கு உயர்ந்த இருக்கையும் கைப்பிடியும் அமைக்கவேண்டும்.

3. பஞ்சாயத்தின் வேலைத்தளங்களில் குடிநீரோடு, பெண்கள் ஒதுங்குவதற்கு மறைவிடமும் அமைக்கவேண்டும். பூந்தோட்ட உரிமையாளர்களும் தறிக்கூட உரிமையாளர்களும் இவ்வாறே செய்யும்படி எடுத்துக்கூறவேண்டும்.

4. 2014-ஆம் ஆண்டில் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தின் கீழ்க் கட்டிய வீட்டுக் கழிப்பறைகளுள் சில விறகும் தட்டுமுட்டுச் சாமானும் வைக்கும் அறைகளாகிவிட்டதை நான் நேரில் கண்டிருக்கிறேன். அத்தகைய வீட்டின் முதியவர் இருட்டில் ஓடைக்கரைக்கு நடக்கிறார். அங்கத்தினர்கள் தத்தம் வார்டில் ஒருமுறை இதைப் பார்வையிட்டாலே நிலைமை மாறும்.

5. ஆண்டுக்கு ஒரு முறையேனும் கிராம சபையில் சுகாதார நிலைய டாக்டரை இப்பொருள் பற்றிப் பேசச் செய்யலாம். மகளிர் சுய உதவிக் குழுக்களில் செவிலியரைக் கொண்டு பெண்களுக்குத் தனியே விளக்கலாம்.

6. தனித்து வாழும் முதியோரின் பட்டியல் ஒன்று பஞ்சாயத்தில் இருக்கவேண்டும். இரவில் நீர்க்கட்டு நேர்ந்தால் வண்டிக்குச் சொல்ல அருகில் யார் இருக்கிறார் என்பதும் அதில் குறிக்கப்படவேண்டும்.

இவற்றுள் பலவற்றுக்குப் பெரும்பணம் வேண்டுவதில்லை, கவனமே வேண்டும்.

முடிவாக

தொடக்கத்தில் குறிப்பிட்ட பெரியவருக்குப் பின்னர் அறுவை நடந்தது. சில வாரங்களில் வீடு திரும்பினார். சிறுநீரகப் பழுதுக்கு மட்டும் மாதந்தோறும் இரத்தம் சோதித்து வருகிறார். அது முழுதும் நீங்குமென்று டாக்டர் உறுதி கூறவில்லை. அந்தப் பழுது, அவர் மௌனமாக இருந்த மாதங்களில் ஏற்பட்டது. அந்த மௌனத்தில் என் பங்கும் ஒன்று உண்டு.

இப்போது அவ்வூர்ச் சபைக் கூடத்தின் பின்புறம் பஞ்சாயத்து ஒரு கழிப்பிடம் கட்டியிருக்கிறது. அடுத்த கூட்டத்தில் அவர் மீண்டும் முன்வரிசையில் அமர்ந்து, மூன்றாம் மடையின் பலகை உளுத்திருப்பதை எங்களுக்கு எடுத்துக் காட்டினார். இடையில் இருமுறை எழுந்து சென்று வந்தார். எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

வாசகர்களுள் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு முதியவர் இருப்பார். இன்று மாலை அவரிடம், "இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள்?" என்று கேளுங்கள். இரண்டு, மூன்று முறைக்குமேல் என்றால், வயதாகிவிட்டது என்று கூறி எழுந்துவிடாதீர்கள். நாளையே சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.